மழைக்குக் கணக்கு எழுதியவர்: சர் கில்பர்ட் வாக்கர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - இயற்பியல், கீழ்பென்னாத்தூர்)

கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். ஏன் அப்படி வைத்தார் என்பதற்கு உரையாசிரியர்கள் பல காரணங்கள் காட்டுவர். எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் குடியானவர் எவரைக் கேட்டாலும், இதற்குக் காரணம் வேறு வேண்டுமா என்று திருப்பிக் கேட்பார். ஆடியில் தென்மேற்குப் பருவமழை இறங்கினால்தான் மானாவாரி நிலத்தில் மல்லாட்டை போட முடியும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டினால்தான் ஏரி கோடி போகும், கிணறு ஊறும். இரண்டில் ஒன்று பொய்த்தால் அந்த ஆண்டு கடன். இரண்டும் பொய்த்தால் குடும்பத்தோடு பெங்களூருக்குப் பேருந்து.

மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரே பேச்சுத்தான். மரத்தையெல்லாம் வெட்டினார்கள், மழை போய்விட்டது என்பார்கள். பட்டப் படிப்புக்கு வரும்வரை நானும் அதை ஐயமின்றி நம்பியிருந்தேன். இயற்பியலும் துணைப்பாடமாகப் புள்ளியியலும் படிக்கத் தொடங்கிய பிறகுதான், இதே வழக்கை ஒருவர் 1910ஆம் ஆண்டிலேயே விசாரித்துத் தீர்ப்பும் எழுதிவிட்டார் என்று அறிந்தேன். அவர்தான் சர் கில்பர்ட் வாக்கர். புள்ளியியல் மாணவர்கள் அவரை யூல்-வாக்கர் சமன்பாட்டில் சந்தித்திருப்பார்கள். வானிலை படிப்போர் வாக்கர் சுழற்சி என்னும் பெயரில் அறிவார்கள். இரண்டும் ஒரே மனிதர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் கதையைத் தொடங்குமுன் அவர் பிறந்த காலத்து நம் நாட்டைச் சிறிது நினைக்க வேண்டும். வாக்கர் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1868 ஜூன் 14ஆம் நாள் பிறந்தார். அவருக்கு எட்டு வயதானபோது, 1876இல், சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று கும்மிப் பாடல்களில் பதிந்துவிட்ட அந்தப் பஞ்சத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மழை பொய்த்தது இயற்கை. ஆனால் மக்கள் பட்டினியில் விழுந்துகொண்டிருக்கையில் துறைமுகங்களிலிருந்து தானியக் கப்பல்கள் புறப்பட்டது இயற்கையன்று. இதைச் சொல்லாமல் பஞ்சத்தின் பழி முழுவதையும் வானத்தின்மேல் போடுவது நியாயமாகாது.

பஞ்சத்துக்குச் சற்று முன்னர், 1875இல், இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியிருந்தது. மழை எப்போது பொய்க்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்னும் கேள்வி அதன் தலையில் வந்து விழுந்தது. முதல் தலைவரான பிளான்போர்டு, இமயத்தில் பனி மிகுதியாகப் பெய்த ஆண்டில் பருவமழை குறைவதைக் கண்டு, 1880களில் அதைக்கொண்டு முன்னறிவிப்புச் சொன்னார். அவருக்குப் பின் வந்த எலியட், பனியோடு வேறு பல குறிகளையும் சேர்த்து நீண்ட அறிக்கைகள் வெளியிட்டார். 1899இல் நல்ல மழை வரும் என்றார். வந்ததோ நூற்றாண்டின் கொடிய வறட்சிகளுள் ஒன்று. எலியட் ஓய்வு பெறும்போது தம் இடத்துக்கு வானிலை அறிந்த ஒருவரைத் தேடவில்லை. கணிதம் அறிந்த ஒருவரைத் தேடினார். என் கருத்தில், தம் வாழ்நாளில் அவர் செய்த மிகச் சரியான முன்னறிவிப்பு அதுதான்.

வாக்கர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியில் 1889ஆம் ஆண்டுக் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். படிப்பின் கடுமையால் உடல்நலம் குன்றி, சுவிட்சர்லாந்தில் தங்கித் தேறினார். அங்கே பனிச்சறுக்கில் பற்றுக் கொண்டார். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் வளைதடி எறிந்தவரிடமே ஏன் திரும்பி வருகிறது என்று ஆராய்ந்ததால் நண்பர்கள் அவரை வளைதடி வாக்கர் என்றே கேலியாக அழைத்தனர். புல்லாங்குழல் வாசிப்பார். அதன் அமைப்பைத் திருத்துவதிலும் ஈடுபட்டார். பறவைகள் சிறகசைக்காமல் மிதப்பதைப் பற்றிப் பின்னாளில் கட்டுரைகள் எழுதினார். இப்படிப்பட்டவர் வானிலையில் எந்தப் பயிற்சியும் இல்லாமல் 1904 ஜனவரியில் இந்திய வானிலை ஆய்வுக் கூடங்களின் தலைமை இயக்குநரானார். அலுவலகம் சிம்லாவில். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடமும் அவர் பொறுப்பின்கீழ் வந்தது.

மற்றவர்களாயிருந்தால் வந்தவுடன் ஒரு கொள்கையை நிறுவப் பார்த்திருப்பார்கள். வாக்கர் அப்படிச் செய்யவில்லை. காற்று மண்டலம் ஏன் இப்படி நடக்கிறது என்று விளக்கும் அளவுக்கு அன்றைய இயற்பியல் வளரவில்லை என்று அவர் கண்டார். ஆகவே, எது எதனோடு சேர்ந்து ஏறுகிறது, எது எதனோடு சேர்ந்து இறங்குகிறது என்று முதலில் எண்ணிப் பார்ப்போம் என்று முடிவு செய்தார். இதற்கு அவர் கையில் எடுத்த கருவி, நாம் துணைப்பாடத்தில் மனப்பாடம் செய்யும் ஒட்டுறவுக் கெழு. உலகெங்கும் உள்ள நிலையங்களிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை, நதிகளின் நீர்மட்டம் ஆகியவற்றின் பல ஆண்டுப் பதிவுகளைத் திரட்டினார். அந்தக் கணக்குகளைப் போட்டவர்கள் அவர் அலுவலகத்து இந்தியக் குமாஸ்தாக்கள். கணிப்பொறி இல்லாத காலம். ஒரு கெழுவைக் கண்டுபிடிக்க எத்தனை கூட்டல், எத்தனை பெருக்கல், எத்தனை வர்க்கமூலம் என்பதைச் செய்முறை ஏட்டில் ஒருமுறை போட்டுப் பார்த்தவர்கள் அறிவார்கள். அப்படிப்பட்ட கணக்குகளை அவர்கள் ஆயிரக்கணக்கில் போட்டார்கள். கட்டுரைகளின் தலைப்பில் நின்றது வாக்கரின் பெயர். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்க வந்திருக்கும் எனக்கு, அந்தப் பெயர் நிற்காத குமாஸ்தாக்களின் நினைவே அடிக்கடி வருகிறது.

எண்ணுவதில் ஓர் ஆபத்து உண்டு. நூறு நிலையங்களின் கணக்கைப் போட்டால், உண்மையில் எந்த உறவும் இல்லாவிட்டாலும், அவற்றுள் ஒன்றிரண்டு தற்செயலாகவே நன்றாகப் பொருந்திவிடும். அதைப் பிடித்துக்கொண்டு முன்னறிவிப்புச் சொன்னால் அடுத்த ஆண்டு முகத்தில் கரிதான். பலவற்றுள் சிறந்ததைப் பொறுக்கி எடுக்கும்போது அதை எவ்வளவு கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று 1914இலேயே அவர் எழுதினார். சூரியக் கரும்புள்ளிகளே மழையை ஆட்டுவிக்கின்றன என்ற நம்பிக்கை அக்காலத்தில் வலுவாக இருந்தது. அதையும் கணக்கில் போட்டுப் பார்த்தார். முன்னறிவிப்புக்கு உதவும் அளவு உறவு எதுவும் தேறவில்லை. சூரிய ஆய்வுக்கூடத்துக்கும் தலைவராக இருந்துகொண்டே இதைச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனித் தேநீர்க் கடை வழக்குக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் வடமேற்கு இந்தியாவில் மழை தொடர்ந்து குறைந்தது. காடுகளை அழித்ததனால் நாட்டின் தட்பவெப்பமே மாறிவிட்டது என்று அதிகாரிகளும் அறிஞர்களும் பேசினர். இரயில் பாதைக்கும் எஞ்சினுக்கும் மரங்கள் வெட்டப்பட்ட காலம் அது. ஆகவே சந்தேகம் இயல்பானதே. வாக்கர் இருந்த பதிவுகளையெல்லாம் எடுத்து ஆராய்ந்து 1910இல் முடிவைச் சொன்னார். நாட்டின் மழை நிலையாகக் குறைந்துவிட்டது என்பதற்குச் சான்று இல்லை. அந்த வறண்ட ஆண்டுகளின் காரணம் உள்ளூர்க் காடுகளில் அடங்கிவிடாது. இந்தியாவைவிடப் பன்மடங்கு பெரிய பரப்பில் காற்று மண்டலத்தில் நிகழும் மாற்றங்களின் ஒரு பகுதியே அது.

முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. மரம் வெட்டியவர்களை விடுதலை செய்துவிட்டாரே என்று கோபம்கூட வந்தது. பிறகு யோசித்தேன். ஜவ்வாது மலையில் மரம் இருந்தால் மண் நிற்கிறது, பெய்த மழை நிலத்தில் இறங்குகிறது, செய்யாற்றுக்கு ஊற்று கிடைக்கிறது. மரங்கள் வேரால் குடித்த நீரை இலை வழியே ஆவியாக்கி வானுக்குத் திருப்பி அனுப்புகின்றன. பெருங்காடுகளை அழித்தால் அந்தப் பங்கு மழையும் குறையும் என்பது இன்று நிறுவப்பட்டுள்ளது. அந்த மட்டில் தேநீர்க் கடைத் தீர்ப்பும் பொய்யன்று. ஆனால் பருவமழையைச் சுமந்துவரும் நீராவியின் பெரும்பகுதி கடலிலிருந்து எழுவது. அது ஒரு குறிப்பிட்ட ஆண்டில் மட்டும் ஏன் வராமல் போகிறது என்ற கேள்விக்கு விடை கடலில்தான் இருக்கிறது. வாக்கர் தேடச் சென்றது அந்தக் கடலை.

அந்தத் தேடலுக்கு நடுவே, 1913 பிப்ரவரியில், அவர் சென்னைக்கு வந்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்து, கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்து, பட்டம் பெறாமலேயே சென்னைத் துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக்குக் குமாஸ்தாவாக இருந்த சீனிவாச இராமானுஜனின் குறிப்பேடுகளைத் துறைமுகத் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வாக்கருக்குக் காட்டினார். வாக்கர் மறுநாளே பல்கலைக்கழகப் பதிவாளருக்குக் கடிதம் எழுதினார். இந்த வகைக் கணிதம் தமது துறையன்று என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, ஆயினும் இந்த இளைஞரின் படைப்பு கேம்பிரிட்ஜ் கல்லூரி ஆய்வறிஞர் ஒருவருடையதோடு ஒப்பிடத் தக்கது என்றும், சில ஆண்டுகள் கவலையின்றிக் கணிதத்தில் ஈடுபடப் பல்கலைக்கழகம் வழி செய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தார். மே முதல் நாளிலிருந்து மாதம் எழுபத்தைந்து ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. ஹார்டியின் பெயரைச் சொல்லும் நாம் வாக்கரின் பெயரைச் சொல்வதில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் படிக்கும் நாமாவது சொல்ல வேண்டும்.

சிம்லாவில் குவிந்த கெழுக்களிலிருந்து மெல்ல மெல்ல ஓர் உருவம் தெரியத் தொடங்கியது. பசிபிக் கடலின்மேல் காற்றழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடலின்மேலும் ஆஸ்திரேலியாவின் வடகோடியான டார்வினிலும் அது தாழ்கிறது. பசிபிக்கில் தாழும்போது இங்கே உயர்கிறது. இரு முனைகளிலும் ஆள் அமர்ந்த ஏற்றமரப் பலகை போல இது ஆடுகிறது. வாக்கருக்கு முன்பே ஹில்டபிரான்சன், லாக்கியர் ஆகியோர் இந்த ஆட்டத்தின் சில சாயல்களைக் கண்டிருந்தனர். அதை முழுமையாக அளந்து, 1923, 1924ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில் தென் அலைவு என்று பெயரிட்டவர் வாக்கர். இந்தப் பக்கம் அழுத்தம் உயர்ந்த ஆண்டுகளில் நம் தென்மேற்குப் பருவமழை குன்றும் போக்கு இருந்தது. தாது வருடத்துக்கும் 1899க்கும் ஒரே பெருங்காரணம் உண்டென்பது முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது.

1924இல் ஓய்வு பெற்றார். சர் பட்டம் கிடைத்தது. இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் பத்தாண்டுகள் பேராசிரியராக இருந்தார். யூல்-வாக்கர் சமன்பாடு 1931இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட புள்ளிவிவரம் வேறெதுவும் அன்று, டார்வின் துறைமுகத்துக் காற்றழுத்தமேதான். தேர்வுக்காக நாம் உருப்போடும் அந்தச் சமன்பாட்டுக்குள் ஒரு துறைமுகத்துக் காற்று வீசிக்கொண்டிருக்கிறது என்று எந்தப் பாடநூலாவது சொன்னால் நன்றாயிருக்கும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எதற்காக இந்தியாவுக்கு வந்தாரோ அந்த வேலையில் அவர் வெற்றி பெறவில்லை. அவருடைய சூத்திரங்கள் சில ஆண்டுகள் பலித்தன, சில ஆண்டுகள் பலிக்கவில்லை. தென் அலைவு ஏன் ஆடுகிறது என்று அவரால் விளக்க முடியவில்லை. விளக்கமில்லாத வெறும் எண்களை நம்பலாமா என்று அறிஞர்கள் பலர் ஐயுற்றனர். 1958 நவம்பர் 4ஆம் நாள், தொண்ணூறு வயதில், இங்கிலாந்தில் அவர் மறைந்தார். மறைவுக்குப் பின் எழுதப்பட்ட குறிப்பிலும்கூட, அவருடைய எதிர்பார்ப்பு நிறைவேறியதாகத் தோன்றவில்லை என்னும் பொருளே தொனித்தது.

அதே 1958ஐத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நம் மாவட்டத்துச் சாத்தனூர் அணை கட்டி முடிக்கப்பட்ட ஆண்டு அது. பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டும் அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. கப்பல்களும் நிலையங்களும் பசிபிக் கடலை அளந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் பெரிய எல் நினோ ஒன்று வந்தது. அதாவது பெரு நாட்டுக் கரை முதல் நடுப்பசிபிக் வரை கடல் வழக்கத்தைவிடச் சூடேறியது. அந்த அளவீடுகளை ஆராய்ந்த யாக்கோபு பியர்க்னஸ், வாக்கர் கண்ட அலைவுக்கு விளக்கம் தந்தார். வழக்கமான ஆண்டில் கீழைக் காற்று பசிபிக்கின் வெதுவெதுப்பான மேல்நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவிக்கிறது. அங்கே நீராவி பெருமளவில் எழுகிறது, மேலே குளிர்ந்து மேகமாகும்போது உள்ளுறை வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தூக்க, அது உயரத்தில் கிழக்கே சென்று பெருவின் பக்கம் இறங்குகிறது. கடல் சூடு இடம் மாறினால் இந்தச் சக்கரமும் இடம் பெயர்கிறது, நம் மழை தடுமாறுகிறது. 1969இல் பியர்க்னஸ் இதற்கு வாக்கர் சுழற்சி என்று பெயர் சூட்டினார். பெயருக்கு உரியவர் இறந்து பதினோராண்டுகள் ஆகியிருந்தன.

1958 மார்ச்சில் இன்னொன்றும் நடந்தது. ஹவாயின் மௌனா லோவா மலைமேல் சார்லஸ் கீலிங் காற்றிலுள்ள கரியமில வாயுவைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் சுமார் 280 பங்கு இருந்த அது, அப்போது சுமார் 315. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அந்த ஏட்டில் வாக்கரின் அலைவும் தன் முத்திரையைப் பதித்திருப்பது பின்னர் தெரிந்தது. எல் நினோ ஆண்டுகளில் கரியமில வாயு வழக்கத்தைவிட விரைவாக ஏறுகிறது. முதலில் இது முரணாகத் தோன்றும். பெருவின் கரையில் ஆழ்கடலிலிருந்து மேலெழும் குளிர்நீர் தன்னோடு கரியமில வாயுவைக் கொண்டுவந்து காற்றில் விடுகிறது. எல் நினோவில் அந்த எழுச்சி தளர்வதால் கடல் விடும் வாயு குறையவே செய்கிறது. ஆனால் நிலத்தில் நடப்பது அதைவிடப் பெரிது. அமேசானிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் மழை குன்ற, மரங்களின் ஒளிச்சேர்க்கை தளர்கிறது, காய்ந்த காடு தீப்பற்றுகிறது. 1997இல் இந்தோனேசியாவின் கரிச்சதுப்பு நிலங்கள் எரிந்த புகை அண்டை நாடுகளை மூடியது. நீரின் சுழற்சி ஓரிடத்தில் தடைப்பட்டால் கார்பனின் சுழற்சியும் தடம் புரள்கிறது. வாக்கரின் குமாஸ்தாக்கள் போட்ட கணக்கில் கரியமில வாயுவுக்கு ஒரு கட்டம் இருக்கவில்லை. இன்று போட்டால் இருந்தாக வேண்டும்.

மனிதன் எரிக்கும் நிலக்கரியிலிருந்தும் எண்ணெயிலிருந்தும் வரும் கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதியைக் கடலும் காடும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. மீதி காற்றிலேயே தங்கிப் பூமியைச் சூடாக்குகிறது. ஒரு டிகிரி சூடு கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பூமி இப்போது ஒரு டிகிரிக்கும் மேல் சூடேறிவிட்டது. மழை பெய்யாதபோது நிலம் விரைந்து காய்கிறது. பெய்யும்போது ஒரே மூச்சில் கொட்டுகிறது. 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரையேறியபோது நம் மாவட்டம் கண்டதை நான் விவரிக்க வேண்டியதில்லை. டிசம்பர் முதல் நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு மண்ணும் பாறையும் இறங்கிக் குழந்தைகள் உட்பட ஏழு பேர் இறந்தனர். அந்த ஒரு புயலைக் கரியமில வாயுதான் அனுப்பியது என்று சொல்ல மாட்டேன். ஓர் ஆண்டின் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்லாதே என்பதையே வாக்கரிடம் கற்றேன். சூடேறிய கடலின்மேல் வரும் புயல் முன்னைவிட அதிக நீரைச் சுமக்கும் என்பது மட்டும் இயற்பியல்.

காடு வெட்டியதால் பருவமழை போகவில்லை என்று 1910இல் வாக்கர் சொன்னது அன்றைய பதிவுகளுக்குச் சரியான தீர்ப்பு. ஆனால் மனிதனால் தட்பவெப்பத்தை மாற்றவே முடியாது என்று இன்று எவரேனும் அதை எடுத்துக்காட்டினால் அது தவறு. அன்று எரிந்த நிலக்கரி கொஞ்சம், இன்று எரிவது மிகப் பல மடங்கு. அவர் கண்ட உறவுகளே இப்போது முன்போல் நிற்கவில்லை. 1997இல் எல் நினோ மிகக் கடுமையாக இருந்தும் நாட்டில் தென்மேற்குப் பருவமழை இயல்பாகப் பெய்தது. 2002இல் நடுத்தரமான எல் நினோ வந்தது, இயல்பான மழை என்ற முன்னறிவிப்புக்கு மாறாகக் கடும் வறட்சி நேர்ந்தது. எலியட்டின் 1899 மீண்டும் வந்ததுபோல் ஆயிற்று. ஏன் என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமுடிவுக்கு வரவில்லை. நமக்கோ கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. எல் நினோ தென்மேற்குப் பருவமழையைக் கெடுக்கும் ஆண்டுகளில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுகிறது. 2015இல் சென்னை மூழ்கியது எல் நினோ ஆண்டில். அது மறைந்த பின்னர் 2016இல் வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்தது. மல்லாட்டைக்குத் தீங்கானது ஏரிக்கு நன்மையாகலாம். இதைத் தேநீர்க் கடையில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். தம்பி நன்றாகத்தான் படிக்கிறது, ஆனால் விதைக்கவா வேண்டாமா என்று மட்டும் சொல்லட்டும் என்றார் ஒரு பெரியவர். வாக்கரிடம் நாட்டார் கேட்டதும் அதுதான். அவரிடமும் முழு விடை இல்லை, என்னிடமும் இல்லை.

மழைக்காலத்தில் காலை எட்டரை மணிக்கு மாவட்டமெங்கும் மழைமானிகளைத் திறந்து அளக்கிறார்கள். திருவண்ணாமலை, செங்கம், போளூர், கீழ்பென்னாத்தூர் என்று ஊர்வாரியாக மில்லிமீட்டர்க் கணக்கு மறுநாள் நாளிதழில் வருகிறது. முன்பெல்லாம் அந்தப் பத்தியைத் தாண்டிச் சென்று விளையாட்டுப் பக்கத்தைத் திருப்புவேன். இப்போது என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எங்கள் ஊருக்கு நேரே உள்ள எண்ணை அதில் எழுதிவைக்கிறேன். சென்ற ஐப்பசியிலிருந்து ஒரு நாளும் விடவில்லை.